அயர்லாந்தின் ஜௌஸ் மலைக்குப் பெற்றோரை அழைத்துப் போகலாமா? எந்த வழி நல்லது?

கேட்டவர் டப்ளினுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கோடையில் அப்பா அம்மா வருகிறார்கள், விக்லோ மாவட்டத்து ஜௌஸ் மலைக்கு அவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குக் கீழே ஒருவர், "ஊட்டியே 2,240 மீட்டர், 725 மீட்டருக்கெல்லாம் வழி கேட்க வேண்டுமா?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். லாக் டே ஏரியை ஒட்டிய லகலா பக்கத்திலிருந்து, சதுப்பின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதை வழியாகப் போங்கள். வைட் ஹில் என்ற முன்மேட்டை அடைந்ததும் வானத்தைப் பாருங்கள். மேகம் இறங்கியிருந்தால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதியைப் பொறுமை இருந்தால் படியுங்கள்.

முதலில் உயரத்தைப் பற்றி. ஊட்டியில் 2,240 மீட்டரில் டீக்கடை இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. ஜௌஸின் மேல்பகுதியில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஹீதர் புதரும் புல்லும் சதுப்பும்தான். அட்லாண்டிக் காற்று நாடு முழுக்க வீசிவிட்டு இங்கே வந்து மோதும். கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஐரிஷ் கடல். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கையுறை தேவைப்படும். 1946 ஆகஸ்ட் 12 அன்று, பிரான்ஸிலிருந்து சாரணியர் சிறுமிகளை ஏற்றிவந்த ராணுவ விமானம் ஒன்று புயல் மழையில் வழிதவறி இந்த மலையில்தான் விழுந்தது. உள்ளே இருந்த எல்லோரும் உயிர் பிழைத்தார்கள் என்பது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் சிலர் நடந்தே கீழே இறங்கி வந்து சொன்ன பிறகும், மூடுபனியில் அந்த விமானத்தைக் கண்டுபிடிக்கப் பல மணி நேரம் ஆனது. ஆகஸ்ட் என்றால் இங்கே கோடை. சின்ன மலைதானே என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வழிகளைச் சொல்கிறேன். முதலில் லகலா வழி. ரவுண்ட்வுட் ஊர்ப்பக்கத்திலிருந்து சாலி கேப் கணவாய் நோக்கிப் போகும் ஆர்759 சாலையில், லாக் டே ஏரிக்கு மேலே வண்டி நிறுத்துமிடம் உண்டு. அந்த இடமே நல்ல உயரத்தில் இருப்பதால் 725 மீட்டரையும் நீங்கள் ஏறப்போவதில்லை, ஏறக்குறைய பாதிதான். போக வர எட்டு கிலோமீட்டர் வரும். வயதானவர்களோடு போனால், உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் ஜே. பி. மலோன் நினைவுக்கல் வரும். அயர்லாந்தின் முதல் நெடுநடைப் பாதையான விக்லோ வேயை மனதில் கண்டு, எழுதி எழுதியே கொண்டுவந்தவர் அவர். டப்ளின் மார்லே பூங்காவில் தொடங்கும் அந்தப் பாதை 130 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. அதன் ஒரு துண்டில்தான் நீங்கள் நடப்பீர்கள். கல்லுக்கு நேர் கீழே லாக் டே. கறுத்த தண்ணீர், ஒரு முனையில் மட்டும் வெள்ளை மணல். அந்த மணல் கின்னஸ் குடும்பத்தார் கொண்டுவந்து கொட்டியது.

இன்னொரு வழி வடக்கே க்ரோன் காட்டிலிருந்து. மரங்களுக்கு நடுவே ஏறி, 121 மீட்டர் உயர பவர்ஸ்கோர்ட் அருவியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, டார்கிள் ஓடையைத் தாண்டி மலையின் தோள் மீது ஏற வேண்டும். அழகில் இதுதான் முதல். ஆனால் தூரமும் ஏற்றமும் கூடுதல், பாதி நாள் போய்விடும். நீங்கள் நண்பர்களோடு போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே லாங் ஹில் சாலையிலிருந்து ஜௌஸ் காடு வழியாகவும் ஏறலாம். செங்குத்தான பாதை, பெற்றோருக்கு வேண்டாம்.

இனி என் அப்பா கதை. நான் இங்கே நர்ஸாக இருக்கிறேன். அப்பா தென்காசிக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நாள் முழுக்க ஓடும் வண்டியில் நின்றே பழகியவர் என்பதால் கால் உறுதி. அவர் வந்திருந்த ஜூன் மாதத்தில் லகலா வழியாகக் கூட்டிப் போனேன். மங்கி கேப், அதற்கு மேல் என் மழைக்கோட்டு. அவருக்கு ஏரியைவிடப் பலகைப் பாதைதான் பிடித்துப்போனது. பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சதுப்பின் மேல் நீளமாகப் போட்டிருக்கிறார்கள். கால் வழுக்காமல் இருக்க மேலே கம்பிவலை அடித்திருக்கிறார்கள். அப்பா குனிந்து ஒரு கட்டையில் போல்ட் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "தண்டவாளம் உக்காந்த கட்டை பாப்பா இது" என்றார். கட்டைக்கு வெளியே குச்சியை ஊன்றினால் ஒரு முழம் உள்ளே போய், கறுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. சுற்றிலும் பஞ்சுப்புல் வெள்ளை வெள்ளையாய்க் காற்றில் படுத்து எழுந்தது.

வைட் ஹில்லுக்கு வந்தபோது உச்சி எதிரிலேயே இருந்தது. உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றுவதற்குள் அது காணாமல் போய்விட்டது. மேகம் மேற்கிலிருந்து வந்தது, அவ்வளவு வேகமாக. வைட் ஹில்லைத் தாண்டியதும் விக்லோ வே வலப்பக்கம் பிரிந்து மலையின் விலாவைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உச்சிக்குப் போகிறவர்கள் அதை விட்டுவிட்டு நேரே ஏற வேண்டும். மேலே சர்வே தூணும் பாறைகளும் இருக்கும். வெறும் கண்ணுக்கு எல்லாத் திசையும் ஒன்றுபோல இருக்கும் நேரத்தில் அந்தப் பாறைகளிலிருந்து தப்பான பக்கம் இறங்கினால், ஆளில்லாத பள்ளத்தாக்கில் போய் நிற்க வேண்டியதுதான். என்னிடம் இந்தப் பகுதிக்கான 56ஆம் எண் வரைபடமும் திசைகாட்டியும் இருந்தன, பயன்படுத்தவும் தெரியும். ஆனாலும் எழுபதை நெருங்கும் மனிதரை வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் போக வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "ரோடு சரியில்லன்னா டிரிப்ப கட் பண்றதுதான்" என்று எழுந்துவிட்டார்.

அதை இன்றும் பெருமையாகவே சொல்வேன். மறுநாள் வேலையிடத்தில் ஒரு தமிழர், "அவ்வளவு தூரம் போய் உச்சியைத் தொடாமலா வந்தீங்க? அது பலகையில் நடக்கிற குழந்தைகள் மலையாச்சே" என்றார். இரண்டு வாரம் கழித்துத் தெளிந்த வானம் பார்த்து நானும் அப்பாவும் மறுபடி போய் உச்சியில் நின்றோம். வடகிழக்கே சுகர்லோஃப் மலை கூம்பாக நின்றது, அதற்குப் பின்னால் கடல். காற்று சுத்தமாக இருக்கும் நாளில் வேல்ஸ் மலைகள்கூடத் தெரியும். ஆனால் அந்த ஆளுக்குப் பதில் சொல்ல நாங்கள் போகவில்லை. முதல் நாள் நடையே எங்களுக்கு முழு நடைதான்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 925 மீட்டர் லக்னாகில்லாவுக்கும் 1,038 மீட்டர் கேரன்டூஹிலுக்கும் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அவை பிடிக்கும். பலகையை ஏளனமாகப் பேசுவதுதான் பிடிக்கவில்லை. அது சொகுசுக்காகப் போட்டதல்ல. பீட் சதுப்பு, அதாவது செடிகொடிகள் பாதி மட்கிச் சேர்ந்த சதுப்பு, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். நூற்றுக்கணக்கான பூட்ஸுகள் மிதித்தால் பாதை சேறாகும். சேற்றைத் தவிர்க்க அடுத்தவர் பக்கவாட்டில் மிதிப்பார், பாதை அகன்றுகொண்டே போகும். கட்டையைப் போட்டதால்தான் மலை பிழைத்திருக்கிறது. 2013இல் ஒருவர் இதே கட்டையில் தடுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் 2016இல் 40,000 யூரோ கொடுக்கச் சொன்னது. 2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விழுந்தபோது அவர் கீழே பார்த்து நடக்கவில்லை என்றும், இப்படிப்பட்ட பாதைகளால் பொதுமக்களுக்கு உள்ள பயனையும் கருத வேண்டும் என்றும் தீர்ப்பில் சொன்னார்கள். முதல் தீர்ப்பே நின்றிருந்தால் நிலம் வைத்திருப்பவர்கள் பயந்துபோய் மலைகளுக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். அடிபட்டவரின் வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் மலையில் கால் வைக்கும் இடத்தை நாம்தான் பார்த்து வைக்க வேண்டும்.

போய்ச் சேருவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உண்மையான ஏற்றம். லகலா வாசலுக்கு பஸ் கிடையாது. ரவுண்ட்வுட் வரை பஸ்ஸில் போனால், அங்கிருந்து தார்ச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் மலையடிவாரமே வரும். கார் வேண்டும். ஊரில் பத்து வருஷம் ஓட்டியிருந்தாலும் இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித்தர மாட்டார்கள். தியரி தேர்வு, பழகுநர் பெர்மிட், கட்டாய வகுப்புகள், அப்புறம் டெஸ்டுக்குத் தேதி கிடைக்கக் காத்திருப்பு. எல்லாம் முடித்துக் கார் வாங்கினால், ஒரு காப்பீட்டு நிறுவனம் என்னிடம் கேட்ட முதல் வருஷத் தொகை காரின் விலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஊரில் விபத்தில்லாமல் ஓட்டிய வருஷங்களைக் கணக்கில் எடுக்கவே மாட்டோம் என்றார்கள். இரவு ஷிப்ட் முடிந்து அதிகாலையில் பஸ் இல்லாமல் நிற்கும் நர்ஸுகளுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யாரும் யோசிப்பதில்லை. நண்பர்களில் யாராவது கார் வைத்திருந்தால் அவரையும் நடைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. அம்மா புடவையில்தான் வருவேன் என்றால் உள்ளே லெக்கிங்ஸ், காலில் கட்டாயம் பிடிப்புள்ள ஷூ. அவருக்கு முட்டிவலி இருந்தால் மலோன் கல் வரை வந்து ஏரியைப் பார்த்துவிட்டு, யாராவது ஒருவர் துணையோடு திரும்பிவிடட்டும். ஏதாவது ஆகிவிட்டால் 112ஐ அழைத்து, மலை மீட்புக் குழு வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மலைப்பக்கம் நிறுத்தும் கார்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவதுண்டு, அதனால் பெற்றோரின் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.