பாதி வாரம் வெளியூர் வேலை: ஸ்டுட்கார்ட் வரும் தங்கைக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூரில் ஆறு வருடம் எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளின் ஆலோசகராக வேலை பார்த்துவிட்டு செப்டம்பரில் ஜெர்மனியில் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிறீர்கள். ஒப்பந்தத்தில் "ஐம்பது சதவீதம் வரை பயணம்" என்று ஒரு வரி இருக்கிறது. வாரம் எப்படிப் போகும், சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, கணவரையும் இரண்டு வயது மகளையும் கூடவே அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. இதே வேலைதான், ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் போய் மென்பொருளை ஓட வைத்துக் கொடுப்பது. நாங்கள் வந்தபோது என் மகனுக்கும் இரண்டு வயது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐம்பது சதவீதம். எல்லா வாரமும் பாதி பாதியாகப் போகும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை இருக்கும், அப்புறம் கோ-லைவ், அதாவது மென்பொருளை நிஜ வேலைக்கு ஓட விடும் நாள், நெருங்கும்போது ஆறேழு வாரம் தொடர்ந்து திங்கள் முதல் வியாழன் வரை வாடிக்கையாளர் ஊரில்தான் இருப்பீர்கள். திங்கள் விடியற்காலை ஐந்து, ஐந்தரை மணி ரயில், பெரும்பாலும் மான்ஹைமில் மாறி வேறு ரயில், பத்து மணிக்குக் கூட்டம். வியாழன் இரவு வீடு வந்து சேர ஒன்பது, பத்து ஆகிவிடும். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை, அன்றைக்கே செலவுக் கணக்கும் எழுதி முடிக்க வேண்டும். இந்த நாட்டு ரயில் நேரம் தவறாது என்று ஊரில் சொல்லிக்கொள்வதை நம்பி இருபது நிமிட இடைவெளியில் கூட்டம் வைக்காதீர்கள். 2024-இல் நீண்ட தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியதுதான், அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. போய்ச் சேர வேண்டிய ஊருக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். 63 யூரோ மாத டிக்கெட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அந்த டிக்கெட் நகரப் பேருந்துக்கும் உள்ளூர், வட்டார ரயிலுக்கும் செல்லும். ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது.

உங்களுக்கு எது கஷ்டம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கணவரை நினைத்துத்தான் கவலை. பயணம் போகிறவருக்கு விடுதி, சக ஊழியர், வேலை என்று எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடுகிறது. மொழி தெரியாத ஊரில் குழந்தையோடு நான்கு நாள் தனியாக இருப்பவர்தான் உண்மையில் வெளிநாட்டில் வாழ்கிறார். எங்கள் முதல் நவம்பரில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஹாம்பர்க் பக்கம் ஒரு கிடங்கில் கோ-லைவ் வாரம். அங்கே உள்ளே போகும்போது கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மகனுக்குக் காய்ச்சல் 39.8 டிகிரி. என் கணவர் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்திருக்கிறார், அவர்கள் ஜெர்மனில் ஏதோ கேட்கிறார்கள், இவருக்குப் புரியவில்லை, இவர் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடவில்லை, வைத்துவிட்டார்கள். எனக்குப் பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறார். நான் வெளியே வந்து பார்த்தது பத்தே முக்காலுக்கு. அதற்குள் மேல் மாடியில் இருக்கும் எழுபது வயது அம்மா ஒருவர் தன் காரிலேயே இருவரையும் ஏற்றிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்குப் போய், விடியும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். காதில் சீழ் வைத்ததுதான், மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஆனால் ஐந்து மணி நேர ரயில் தூரத்தில், விடுதி அறையில் நான் விழித்துக் கிடந்த அந்த இரவை என்னால் மறக்கவே முடியாது.

அந்த அம்மா எங்களுக்கு எப்படிப் பழக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோக்கெ என்று ஒரு வழக்கம் உண்டு. அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து, அந்த வாரம் மாடிப்படி, வாசல், நடைபாதை எல்லாம் அந்த வீட்டார் கூட்டித் துடைக்க வேண்டும். முறை யாருடையதோ அவர்கள் கதவில் ஒரு அட்டை தொங்கும். நான் ஊரில் இல்லாததால் என் கணவர்தான் செய்தார், எப்படிச் செய்வதென்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது அந்த அம்மாதான். பல பேர் காசு கொடுத்து ஆள் வைத்துவிடுகிறார்கள். உங்கள் குடியிருப்பில் இந்த முறை இருந்தால் முதல் வருடம் நீங்களே செய்யுங்கள். படிக்கட்டில் நின்று நாலு வார்த்தை பேசித்தான் அக்கம்பக்கம் அமையும், வேறு எந்த வழியும் அவ்வளவு சீக்கிரம் அமைந்து நான் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு தாள் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன், இன்றும் அது இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவிலோ விடுமுறை நாளிலோ டாக்டர் வேண்டும், ஆனால் ஆம்புலன்ஸ் வரும் அளவுக்கு இல்லை என்றால் 116117. அதற்குக் கீழே தமிழ் எழுத்திலேயே "மைன் கிண்ட் ஹாட் ஹோஹெஸ் ஃபீபர்", என் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்று. கூடவே எங்கள் முகவரி, மகனின் பிறந்த தேதி, இரண்டையும் ஜெர்மனில் உச்சரிப்பது எப்படி என்று. இரவில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்பது மூடியிருக்கும் எந்த மருந்துக்கடையின் கதவிலும் எழுதியிருக்கும். குழந்தை மருத்துவரிடம் நோய் வருவதற்கு முன்பே போய்ப் பதிந்துவிடுங்கள், புதிய குழந்தைகளை எடுப்பதில்லை என்று பலர் சொல்லிவிடுவார்கள், அதனால் நாலைந்து இடம் அலைய வேண்டியிருக்கும்.

சரி, சேர்ந்தே வரலாமா? வரலாம், ஆனால் முதல் மூன்று மாதம் பயணம் இல்லை என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இப்போதே கேளுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு என்றாலும் பரவாயில்லை. சின்னக் குழந்தை, புது ஊர் என்று காரணம் சொல்லிக் கேட்டால் இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நான் தயங்கிக் கேட்காமல் விட்டேன், அது என் தப்பு. இன்னொன்றையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்: ரயிலில் போகும் நேரம் வேலை நேரமாகக் கணக்காகுமா, பாதி ஆகுமா, ஆகாதா? ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதம். சட்டப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரண்டு வேலை நாளுக்கு நடுவே பதினோரு மணி நேர ஓய்வு வேண்டும். கோ-லைவ் வாரத்தில் எல்லோரும் இதை மறப்பார்கள், நீங்கள் மறக்காதீர்கள்.

அந்த மூன்று மாதத்தில் வீட்டை நிலைக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் உங்கள் குடும்பப் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். கணவர் பெயர் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், நம்மில் பலருக்கு அப்பா பெயர்தானே கடைசிப் பெயர். இங்கே வரி எண், வங்கி அட்டை, காப்பீடு எல்லாம் தபாலில்தான் வரும். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் அதன்மேல் தபால்காரர் ஒரு தேதி எழுதியிருப்பார், கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். அபராத நோட்டீஸ் என்றால் மறுப்பதற்கு இரண்டே வாரம். அதனால் உங்களுக்கு வரும் கடிதத்தையும் கணவரே பிரித்துப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் வேலை தேடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டு நிபுணர்களுக்கான குடியிருப்பு அனுமதி, வைத்திருப்பவரின் துணைக்கு இங்கே தடையில்லாமல் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனாலும் முதல் ஆறு மாதம் அவர் ஜெர்மன் படிக்கட்டும், அதுவும் நேரில் போய் உட்கார்ந்து படிக்கும் வகுப்பில். உங்களுக்கும் மொழியால் ஆதாயம் இருக்கிறது: ப்ளூ கார்டோடு 27 மாதத்தில் கிடைக்கும் நிரந்தரக் குடியிருப்பு, பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வில் தேறினால் 21 மாதத்திலேயே கிடைக்கும். ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் கிட்டா எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்க 2013-இலிருந்து சட்டப்படி உரிமை உண்டு. உரிமை இருக்கிறதே தவிர இடம் உடனே கிடைக்காது. முகவரி உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

பணம். பயணப்படி, பெரும்பாலான நிறுவனங்களில், வரியில்லாத அளவுக்குத்தான் தருவார்கள்: முழு நாளுக்கு 28 யூரோ, போகும் நாளும் திரும்பும் நாளும் 14. திங்கள் முதல் வியாழன் வரை 84 ஆகிறது. விடுதியில் காலை உணவு நிறுவனச் செலவு என்றால் ஒவ்வொன்றுக்கும் 5.60 கழிப்பார்கள், மூன்று காலைக்குப் போக 67.20 கையில் நிற்கும். விடுதிக் கட்டணத்தை உங்கள் அட்டையில் போடச் சொன்னால் முடியாது என்று சொல்லி நிறுவன அட்டை கேளுங்கள். புதிதாக வந்தவரின் வங்கிக் கணக்கில் அவ்வளவு இடம் இருக்காது, திரும்ப வர வாரக்கணக்கில் ஆகலாம்.

சாப்பாட்டுக்கு ஊரில் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனால் இந்தப் பக்கத்து மவுல்டாஷன் பார்க்க நம் சோமாசி மாதிரி இருக்கும், உள்ளே இறைச்சி, சைவ வகை தனியாக உண்டு, கேட்டு வாங்க வேண்டும். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும், காய்கறி சூப்பை இறைச்சிச் சாறில் வைத்திருப்பார்கள். கேஸ்ஷ்பெட்ஸ்லெ என்ற பாலாடைக்கட்டி போட்ட மாவு உணவில் முட்டை உண்டு, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் எந்த ஊரிலும் அது காப்பாற்றும். நான் பையில் எப்போதும் தாளித்து வறுத்த அவலும் பருப்புப்பொடியும் வைத்திருப்பேன், வெந்நீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். அந்தக் கடைகளுக்குப் போய் வாங்கிக்கொண்டு மட்டும் திரும்பாதீர்கள், நின்று பேசுங்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்து, நமக்கு முன்னால் இந்த ஊரில் தமிழுக்கு இடம் பிடித்தவர்கள் அவர்கள். என் மகன் சனிக்கிழமை தமிழ் படித்தது அவர்கள் நடத்தும் பள்ளியில்தான். டோர்ட்முண்டில் திட்டம் கிடைத்தால் ஒரு மாலை பக்கத்து ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள், 2002-இல் குடமுழுக்கு நடந்த, கோபுரத்தோடு நிற்கும் கோயில்.

எல்லை தாண்டிப் போகும் வேலை வந்தால், ஒரே நாள் என்றாலும், உங்கள் சமூகக் காப்பீடு ஜெர்மனியில்தான் இருக்கிறது என்று காட்டும் ஏ1 சான்றிதழை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். சூரிச்சிலிருந்து திரும்பும்போது பாசல் தாண்டியதும் போலீஸ் ஏறிப் பார்க்கிறார்கள், 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லையிலும் சோதனை உண்டு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இந்த அட்டை செல்லாது, தனி விசா வேண்டும்.

கடைசியாக, பெட்டி கட்டும்போது புளியையும் பருப்பையும் விட்டுவிட்டு மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துக் கைப்பையில் வையுங்கள். கிட்டாவில் சேர்க்க தட்டம்மை ஊசி போட்ட ஆதாரம் 2020 மார்ச்சிலிருந்து கட்டாயம், இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு இரண்டு ஊசியும் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாவது விடுபட்டிருந்தால் கோவையிலேயே போட்டு, தேதியும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்னஞ்சலுக்கு நிறுவனம் என்ன பதில் சொன்னது என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு வீடு எந்தப் பகுதியில் தேடுவது என்று பேசுவோம்.