கறிக்குப் போதும் என்ற பிறகும்

அன்புள்ள அக்கா,

கிரியான் ஆற்றில் உங்கள் அப்பாவோடு நண்டு பிடித்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பத்து வயது. அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. பள்ளி விடுமுறைக்கு எல்லோருமாகப் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள மனைவியின் வீட்டுக்கு வருகிறோம். என் அம்மாவோ, "அந்தக் காலத்தில் கையில் காசில்லாமல் சேற்றில் இறங்கினோம். இப்போது சந்தையிலேயே வாங்க முடிகிறபோது பெண் பிள்ளையை ஏன் அங்கே கொண்டுபோகிறாய்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே இதில் என்ன இன்பம் இருக்கிறது? போவதென்றால் எப்படித் தொடங்குவது?

த., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா சொல்வது உண்மை. எங்கள் ரப்பர் தோட்டத்திலும் நண்டு பிடிக்கப் போனது கறிச்சட்டிக்காகத்தான். விடியும் முன்பே பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், பால் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்பா வீடு திரும்பும்போது மதியம் தாண்டியிருக்கும். சாப்பிட்ட கையோடு சைக்கிளில் என்னையும் வலைகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டுவிடுவார்.

எங்கள் வீட்டுக்கு ஆறு நண்டு போதும். ஆறும் கோணிக்குள் போன பிறகும் அப்பா எழுந்ததில்லை. வலைகளைக் கழுவிச் சுருட்டி வைத்துவிட்டு, கரையில் குந்தியபடி நீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச மாட்டார். நன்றாக இருட்டி, எதிர்க்கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் மின்னி அணையத் தொடங்கிய பிறகுதான் "போகலாமா?" என்பார். அங்கே கங்காணி இல்லை, மணியடிப்பவர் இல்லை, தராசு இல்லை. நாள் முழுவதிலும் அந்த ஒரு மணி நேரம்தான் அவருடையது. இது எனக்குப் புரிந்தபோது அவர் உயிரோடு இல்லை. உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்: கறிக்கு வேண்டியது கிடைத்த பிறகும் அவர்கள் வீட்டில் யாராவது கரையிலேயே உட்கார்ந்திருந்தார்களா என்று.

பெண் பிள்ளை என்று தயங்கவே தயங்காதீர்கள். சங்கப் பாடல்களில் நண்டுக்கு அலவன் என்று பெயர். கடற்கரை மணலில் அலவனைத் துரத்தி விளையாடுகிறவர்கள் நெய்தல் நிலத்துப் பெண்கள்தான். உங்கள் மகளுக்கு அந்த உரிமை ஈராயிரம் ஆண்டு பழையது.

இனி, எப்படித் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். மலாய்க்காரர்கள் இதைப் பாசாங் பெசார் என்பார்கள். அட்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. பினாங்குக் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. வற்றி முடிந்ததிலிருந்து ஏறி முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். மறுநாள் அதே நிலை வருவதற்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். கடற்படையின் நீர்வரைவியல் மையம் இதற்கான அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அப்பாவுக்கு அட்டவணை கிடையாது. நிலாவைப் பார்த்தே நேரத்தைச் சொல்லிவிடுவார்.

வற்றிய நீர் மறுபடி ஏறத் தொடங்கும்போது சேற்று நண்டு வளையை விட்டு வெளியே வந்து, கண்டல் வேர்களுக்கிடையே இரை தேடும். அந்த நேரத்தில் வலை நீரில் இருக்க வேண்டும். எங்களுடையது மலாய்க்காரர்கள் பிந்தூர் என்று சொல்லும் வலை. வளைத்த இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனைகளிலும் சதுர வலையைப் பூட்டி, நடுவில் மீன் தலையைக் கட்டுவோம். கானாங்கெளுத்தித் தலையே சிறந்தது. அதன் எண்ணெய் வாடை நீரோடு தொலைவு வரை போகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கயிற்றைப் பிடித்ததும் தயங்காமல் ஒரே மூச்சில் இழுக்கச் சொல்லுங்கள். மெல்ல இழுத்தால் நண்டு விளிம்பு வழியாக நழுவிவிடும். வேகமாக வந்தால் மீன் தலையை விட மனமில்லாமல் அதைப் பற்றிக்கொண்டே மேலே வந்துவிடும். கறுத்த முதுகில் நீர் வழிய, இரண்டு கொடுக்குகளையும் விரித்துக்கொண்டு, வாயோரம் நுரை தள்ள அது உங்கள் மகளை நேருக்கு நேர் பார்க்கும். அந்தக் கணத்தைச் சந்தையில் விற்பதில்லை.

முதல் முறை சேற்றில் இறங்கவே வேண்டாம். சேறு தொடை வரை இழுத்துவிடும். ஏறும் நீர் பின்பக்கமாகச் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும். கிரியான் ஆற்றங்கரை ஊரான நிபோங் திபால் பக்கத்தில் சிறு படகுத்துறைகள் இருக்கின்றன. அவை மீனவர்களின் பிழைப்பிடம் என்பதால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் வேறு இடம் பாருங்கள்.

பிடித்த நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் திருப்பி, வயிற்று மடிப்பைப் பார்க்க மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். குறுகிய முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே பஞ்சுபோல் முட்டைக்கொத்து தள்ளியிருந்தால் அந்த நொடியே நீரில் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அந்தக் கொத்து, குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுக்கும். அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்க் குஞ்சுகளை விடப் புறப்பட்ட தாய் அது. ருசிக்காக அதையும் கோணியில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். அழுத்தினால் ஓடு அமுங்குகிற நண்டையும் விட்டுவிடுங்கள். அது பழைய ஓட்டைக் கழற்றி அதிக நாள் ஆகியிருக்காது. உள்ளே சதையைவிட நீர்தான் அதிகம். சிறியவற்றை விடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

மற்றவற்றின் கொடுக்குகளை ராஃபியா கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் நிழலில் வையுங்கள். சமைக்கும் முன் அரை மணி நேரம் ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்துவிட்டால் அவை மரத்துப்போகும். துடிக்கத் துடிக்கக் கொதிநீரில் போடுவதை என்னால் பார்க்க முடியாது.

என்னிடம் நான்கு வலைகள் இருக்கின்றன. வாங்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் வருகிறீர்கள் என்று எழுதினால் அன்றைய நீரேற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவருக்கு ஒரு மடக்கு நாற்காலியும், இருட்டும்வரை இருப்பதற்கு ஒரு பிளாஸ்க் தேநீரும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா