மத்திய அமெரிக்காவின் பண்டைய நாகரிக மக்களான மாயர்கள் லீப் வருடம் இல்லாமல் சூரிய ஆண்டை எப்படிக் கணக்கிட்டார்கள்?

அவர்களின் சூரிய நாட்காட்டிக்கு ஹாப் என்று பெயர். 20 நாள் கொண்ட 18 மாதங்கள், கடைசியில் வாயெப் எனப்படும் 5 நாட்கள், மொத்தம் 365. அந்த ஐந்தும் ஆபத்தான நாட்களாகக் கருதப்பட்டன.

உண்மையான சூரிய ஆண்டு சுமார் 365.2422 நாள். லீப் நாள் சேர்க்காததால் நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் ஹாப் பருவங்களை விட்டு நகர்ந்துகொண்டே போனது. சரி, அப்படியானால் பருவத்தை எப்படி அறிந்தார்கள்? வானத்தைப் பார்த்துத்தான். குவாத்தமாலாவின் உவாஷக்துன் நகரில் மேற்குப் பிரமிடில் நின்று கிழக்கே பார்த்தால் வரிசையாக மூன்று கோயில்கள். கதிர்த்திருப்ப நாட்களில் (ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் வரும் நாட்கள்) சூரியன் இரு ஓரக் கோயில்களை ஒட்டியும், பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாட்களில் நடுக்கோயிலுக்குப் பின்னாலும் உதிக்கும். கட்டடங்களையே கருவியாக்கிய இந்த யோசனைதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

அப்புறம், ஹாப் 260 நாள் சடங்கு நாட்காட்டியோடு சேர்ந்தே சுழன்றது. 18,980 நாளுக்கு ஒருமுறை, அதாவது 52 ஹாப் ஆண்டுகளில், இரண்டும் மறுபடி ஒரே இடத்துக்கு வரும்.