இடம் வாங்கக் கடன்: கொங்கு நாட்டுக் கேள்விகள் சில

வீடும் நிலமும் வாங்கிப் போடக் கடன் எடுக்க நினைப்பவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் கோவையில் வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

திருப்பூர் வாசகர்: ஐயா, சரவணம்பட்டியில் கட்டி எட்டு வருடமான வீடு, 40 லட்சம். கையில் 10 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன். வாடகை 14,000 வருமாம். வாங்கலாமா?

தம்பி, 30 லட்சத்தை 20 ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000. வாடகை போக 13,000 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். ஆள் காலி செய்த மாதத்தில் முழுத் தொகையும் உங்கள் தலையில். அந்த 10 லட்சமும் அப்படியே மிஞ்சாது: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 3,60,000 பத்திரத்துக்கே போய்விடும். ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் வாங்குங்கள்.

ஈரோடு வாசகர்: வட்டி ஏறினாலும் தவணை ஏறாது என்று வங்கியில் சொன்னார்கள். சரிதானே?

தவணை ஏறாது, கடன் முடிகிற தேதி ஓடிக்கொண்டே இருக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனது; வீட்டுக்கடன் வட்டியும் கூடவே ஏறியது. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 30 லட்சம் எடுத்தவரின் தவணை 23,259. வட்டி 9.5 ஆனதும் அதே 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 23,750. கணக்கைப் பாருங்கள், அசல் எங்கே குறையும்? வட்டி மாறும்போது தவணையைக் கூட்டச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

அவிநாசி வாசகர்: தெரிந்தவர் ஒருவர் நூற்றுக்கு இரண்டு வட்டியில் 15 லட்சம் தருகிறார். ஈடாக என் மூன்று ஏக்கர் தோட்டத்தைக் கிரயமாக எழுதித் தரச் சொல்கிறார். கடன் தீர்ந்ததும் திருப்பி எழுதித் தருவாராம்.

வேண்டாம். நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 30,000 கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. அதுகூடப் பரவாயில்லை. கிரயம் எழுதிய அன்றே சட்டத்தின் கண்ணில் நீங்கள் தோட்டத்தை விற்றவர். சொத்து மாற்றச் சட்டத்தின் 58-வது பிரிவுப்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அதை அடமானம் என்று வாதாட முடியும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே இருந்தது மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒரு முத்திரைத்தாள். 'பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்' என்று கைப்பட எழுதியிருந்தது. தோட்டத்தை மீட்கத்தான் எங்களிடம் கடன் கேட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தோட்டம் மூன்றாவது கைக்குப் போயிருந்தது. வெகுநேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், காபி ஆறிப்போனது.

தனியாரிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அடமானப் பத்திரமாகவே பதிவு செய்யுங்கள். அதற்கு மறுப்பவர் குறி வைப்பது தோட்டத்துக்குத்தான்.

காங்கேயம் வாசகர்: விவசாய நிலத்தை வங்கி ஏலம் விட முடியாதாமே?

நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி விற்க வழி செய்யும் 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் கீழ் முடியாது. வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி திறந்தேதான் இருக்கிறது. தைரியமாக இருந்துவிடாதீர்கள்.

பொள்ளாச்சி வாசகி: அங்கீகாரமில்லாத 5 சென்ட் சைட் பாதி விலைக்கு வருகிறது. நகையை வைத்து வாங்கி, ஒரு வருடத்தில் விற்று மீட்டுவிடலாமா?

அம்மணி, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே அது மனையாகப் பதிவானதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வரன்முறை, அதாவது அங்கீகாரமில்லாத மனைக்கு அரசு பிறகு தரும் ஒப்புதல், ஆகாமல் உங்கள் பத்திரமே பதிவாகாது. பதிவானாலும், அங்கீகாரம் இல்லாத வரை உங்களிடம் வாங்க வருபவருக்கு வங்கி கடன் தராது. முழுப் பணத்தோடு ஒருவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். நகைக்கடன் கெடு அதுவரை காத்திருக்காது.