பட்டறைக்கு எந்தச் சட்டை?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கோவை கணபதியில் எட்டுப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் டர்னராக இருக்கிறார். நாள் கூலி 800 ரூபாய். சனிக்கிழமைதோறும் கையில் சம்பளம். வேலைக்குப் பழைய சட்டைதான் போட்டுக்கொண்டு போவார். காலர் நைந்து, கைப்பக்கம் நூல் தொங்கினாலும் விடமாட்டார். பாத்திரக்காரருக்குப் போடலாம் என்று மூட்டை கட்டி வைத்தால், அதிலிருந்தும் உருவிக்கொள்கிறார். “கிரீஸ் படுவதற்குப் புதுச் சட்டை எதற்கு? வருடம் 5,000 ரூபாய் மிச்சம்” என்பது அவர் வாதம். ஆனால் போன தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் 18,000 ரூபாய்க்குத் துணி எடுத்தார். அதில் 10,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியது, சித்திரையில்தான் அடைத்தோம். ஆயுத பூஜைக்கு முதலாளி கொடுத்த பேன்ட், சட்டை பிட்டுகள் மூன்று வருடமாகத் தைக்காமல் பீரோவில் கிடக்கின்றன. அவர் செய்வது சிக்கனமா, கஞ்சத்தனமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: சிக்கனம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். எண்ணெய் தெறிக்கும் இடத்துக்குப் புதுச் சட்டை போட்டுப் போனால், முதல் வாரத்திலேயே அதுவும் பழைய சட்டையாகிவிடும். இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம். ஆனால் அவர் சொல்லும் 5,000 ரூபாய்தான் எனக்கு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தடித்த பருத்தியில் சட்டையும் பேன்ட்டும் சேர்த்து ஒரு செட் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் பழையதோடு மாற்றி மாற்றிப் போட வருடத்துக்கு இரண்டு செட் போதும். ஆக 1,800 ரூபாய், அவருடைய இரண்டேகால் நாள் கூலி. இப்போது தீபாவளிக் கடனைப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 300. ஐப்பசியிலிருந்து சித்திரை வரை ஆறு மாதத்துக்கு 1,800 ரூபாய். இரண்டு தொகையும் ஒன்றாக வந்ததைப் பார்த்து நானே மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வருடம் முழுவதும் நைந்த சட்டையில் பிடித்த காசை ஆறே மாதத்தில் வட்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறார். மூன்று வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத்தான் கேட்கிறது. வருடத்துக்கு அது 36 சதவீதம்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘கைப்பக்கம் நூல் தொங்கினாலும்’ என்ற வரி. நைந்த துணிதானே, மாட்டினால் அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் ஒரு முனை சிக்கினால் துணி சுற்றிக்கொண்டே முறுக்கேறிக் கயிறாகிவிடும். அது அறுவதற்குள் கையை உள்ளே இழுத்துவிடும். ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடவோ பெல்ட் மாட்டவோ போகிறவர் உடலோடு ஒட்டிய ஆடைதான் அணிய வேண்டும், அதை முதலாளியே தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 22ஆம் பிரிவாகவே எழுதி வைத்தார்கள். எட்டுப் பேர் பட்டறை வரை அந்தச் சட்டத்தின் கை நீளவில்லை. சக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே அவர் பழைய சட்டையே போடட்டும். முதுகில் கிழிந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளட்டும். காலர் நைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கை, பாக்கெட், கீழ் மடிப்பு இந்த மூன்று இடங்களில் நூல் தொங்கினால் மட்டும் அன்றோடு அந்தச் சட்டைக்கு ஓய்வு. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் வெட்டி மடித்துத் தைத்துவிட்டால் இன்னும் ஒரு வருடம் ஓடும். ஓய்வு பெற்றதையும் வீணாக்க வேண்டாம். திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கிலோக் கணக்கில் வாங்கித்தான் பட்டறைகளில் இயந்திரம் துடைக்கிறார்கள்; பொத்தானை அறுத்துவிட்டால் உங்கள் வீட்டுப் பருத்திச் சட்டையும் அதே வேலையைச் செய்யும். கிரீஸ் பட்ட துணியைப் பாத்திரக்காரர் எப்படியும் தொடப்போவதில்லை, அதனால் உங்களுக்கும் நஷ்டமில்லை.

பீரோவில் கிடக்கும் பிட்டுகளுக்கு வருகிறேன். இலவசமாக வந்த துணிக்குத் தையற்கூலி கொடுக்க மனசு வராமல் அவற்றைப் பெட்டியோடு வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். தைப்பதற்கு முன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கருப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர் கலந்தது. கிரைண்டிங் பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி என்றால் பட்டறைக்குத் தையுங்கள். கலப்பு என்றால் இந்தத் தீபாவளிக்கு அவருக்கு அதுவே புதுத் துணி. அடுத்த ஆயுத பூஜைக்கு பிட்டுக்குப் பதிலாகத் தைத்த வேலை உடுப்பு இரண்டு செட் தரச் சொல்லி எட்டுப் பேரும் சேர்ந்து முதலாளியிடம் கேட்கலாம். முதலாளிக்கும் செலவு அதிகமாகிவிடாது.

தீபாவளிக்கு இனி வட்டிக்காரர் வேண்டாம். பண்டிகை முடிந்த மாதமே வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பு ஒன்று தொடங்குங்கள். மாதம் 800, அதாவது ஒரு நாள் கூலி. ஆறரை சதவீத வட்டி கிடைத்தால் வருடக் கடைசியில் கையில் சுமார் 9,900 ரூபாய் இருக்கும். போன முறை கடன் வாங்கிய தொகை ஏறக்குறைய அதுதான். அஞ்சலகத் தொடர் வைப்பு இந்த வேலைக்குப் பொருந்தாது. அது ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடத்துக்கு முன் முடித்து வாங்க முடியாது.

இன்னொன்று. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்காது. இருந்திருந்தால் வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வந்திருக்கும். உங்கள் வீட்டில் ஒரு வாரம் படுத்தால் 4,800 ரூபாய் அப்படியே போகும், மருத்துவச் செலவு தனி. அதனால் இரண்டு மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை புதிதாக நகைச் சீட்டு எதிலும் சேராதீர்கள். அவருடைய வங்கிக் கணக்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் ஒரு கை முற்றிலும் செயலிழந்தால் ஒரு லட்சம், இரண்டு கைகளும் போனால் அல்லது உயிரிழப்பு என்றால் இரண்டு லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடக் கணக்கு. மே கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் புதுப்பிக்கப்படாது. அவருக்குச் சம்பளம் கையில் வருவதால், அந்த மாதம் மறக்காமல் நீங்களே ஒரு நூறு ரூபாயைக் கணக்கில் போட்டுவிடுங்கள்.