பதினெட்டில் பதினைந்து

கேள்வி: கூடைப்பந்தில் ஒரே வீரர் அணி முழுவதையும் தோளில் சுமந்த ஆட்டம் உண்டா?

பதில்: உண்டு. 1950 நவம்பர் 22, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி 19, உள்ளூர் அணியான லேக்கர்ஸ் 18. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் வரலாற்றிலேயே மிகக் குறைவான புள்ளிகள் விழுந்த ஆட்டம் இதுதான். லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 ஜார்ஜ் மைக்கன் எடுத்தவை. ஆட்ட ஓட்டத்தில் அணி போட்ட நான்கு கூடைகளும் அவர் கையால் விழுந்தவை. மற்றவர்கள் அனைவரும் சேர்ந்து எடுத்தது மூன்றே மூன்று ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல்! அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், மூக்குக்கண்ணாடி அணிந்து ஆடிய அந்த நெட்டை மனிதர் மீது எனக்குப் பாசம் பொங்குகிறது. அவருக்கு அஞ்சித்தான் பிஸ்டன்ஸ் வீரர்கள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். அப்போது விதி அதைத் தடுக்கவில்லை. கடைசிக் கால்பகுதியில் இரு அணிகளுக்கும் சேர்த்தே நான்கு புள்ளிகள்தாம். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் 24 விநாடிக் கடிகாரம் 1954-இல்தான் வந்தது.