பதில்: 0.2 மி.மீ. ஷிம் லேசரில் பிசிறு, பழுப்பு ஓரம்

சகோ, மண்டபம் ஊர்ல 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டுல படகு இன்ஜின் ஷிம் (இடைவெளியை நிரப்புற மெல்லிய தகட்டுத் துண்டு) லேசர்ல வெட்டுறீங்க, மதியமானா அடியில பிசிறு வருது, ஓரம் பழுத்து ஒரே வாரத்துல துருப்பிடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. இது ரெண்டு தனித்தனிக் கோளாறு.

பிசிறுக்கு முதல்ல சில்லரை, அதாவது லேசரைக் குளிர்விக்கிற தண்ணி மெஷினைப் பாருங்க. 32 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்துல ஏறத்தாழ 28 டிகிரியிலேயே பனி கோர்த்துரும். நீங்க சில்லரை 22ல வச்சிருக்கீங்க. லென்ஸ் வேர்க்காம என்ன செய்யும்? அறையை அடைச்சு ஏசியை 26ல, ஈரப்பதத்தை 50 சதவீதத்துல நிறுத்துங்க. அப்புறம்தான் சில்லரைப் போடணும். லென்ஸைக் காக்குற காப்புக் கண்ணாடியை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பால்திட்டு மாதிரி ஒரு புள்ளி தெரிஞ்சாலும் மாத்திருங்க, விரலால துடைக்கவே வேண்டாம்.

பழுப்புக்குக் காரணம் வெட்டும்போது ஊதுற கம்ப்ரசர் காத்து. அதுல ஆக்சிஜனும் இருக்கு, ஈரமும் இருக்கு. அதுக்குப் பதிலா 99.99 சதவீத நைட்ரஜன், 10 பார் அழுத்தத்துல தொடங்குங்க. தகடு படபடத்தா அழுத்தத்தைக் குறைங்க. லேசரை விட்டுவிட்டு அடிக்கிற பல்ஸ் முறையில வெட்டுங்க, இல்லன்னா மூலை உருகிரும். துண்டு பறக்காம இருக்க, தகட்டோட ஒட்டியிருக்கிற மாதிரி 0.2 மி.மீ. இணைப்பு வெட்டாம விடுங்க.

துருப்பிடிக்காம இருக்க, வெட்டினதும் எண்ணெய் போகக் கழுவி, 5 சதவீத சிட்ரிக் அமிலத்துல 55 டிகிரியில 10 நிமிஷம் ஊறவச்சு, நல்ல தண்ணியில அலசுங்க. போர் தண்ணி உப்பு, வேண்டாம். ஏற்கெனவே பழுத்த ஓரத்தை இது சரிசெய்யாது. உப்புத்தண்ணி படுற இடம்னா, உப்பை இன்னும் நல்லாத் தாங்குற 316 ஸ்டெயின்லெஸ் தகடே வாங்குங்க.